இணைப்பு ஒன்பது: பந்தய பெட்ரோல் அறிக்கை

1

முழுமையாக நிரப்பப்பட்ட விண்ணப்பத்துக்கு, அது கிடைத்த நாளிலிருந்து இருபது வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்கப்படும். இங்குள்ள வாகனப் பதிவு அலுவலகத்தின் படிவத்தில், ஆறாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் அச்சாகியிருக்கும் விதி இது. என் மகள் இரண்டாம் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டாள். நான் எந்தப் படிவத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். முப்பத்தொரு வருடம் டெல்டாவில் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்த ஊர் அலுவலகம் என்று எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் யாராவது ஆர்.சி. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நானும் என் மனைவியும் தஞ்சாவூர் வீட்டைப் பூட்டிவிட்டு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் மகளோடு வந்து சேர்ந்து, இந்தப் பொங்கலோடு நான்கு வருடம் முடிந்தது. பொங்கலன்று மகள் அபிராமி வாசலில் பானை வைக்கவில்லை. வாசலில் கார் நின்றது. அதன் முன்மூடியைத் திறந்து வைத்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பொங்கல் பொங்கறதைப் பாக்கச் சொல்லுங்க அவள," என்றாள் மனைவி.

"பொங்கினா சொல்லுங்கம்மா. இங்க கூலன்ட் பொங்குதா பாத்துக்கிட்டிருக்கேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அபிராமி மருத்துவமனையில் மருந்தாளுநர். மருமகன் சுரங்கத்தில் பொறியாளர். இரண்டு வாரம் பாலைவனத்தில், ஒரு வாரம் வீட்டில். பிள்ளைகள் வெளிநாடு போனால் கெட்டுப் போவார்கள் என்று ஊரில் சிலவற்றைப் பட்டியல் போட்டுச் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பட்டியலில் டர்போ கார் இல்லை. இருந்திருந்தால் முன்கூட்டியே ஏதாவது செய்திருப்பேன்.

முன்பும் செய்தவன்தான். தஞ்சாவூரில் அவள் ஸ்கூட்டர் உரிமத்துக்கு எட்டு போடப் போனபோது, என் மகள் என்பதற்காக எந்தச் சலுகையும் கூடாது என்று ஆய்வாளரிடம் சொல்லி வைத்தேன். அவர் அதைக் கொஞ்சம் அதிகமாகவே மதித்துவிட்டார். இரண்டு முறை அவள் தோற்றாள். மூன்றாம் முறை ஜெயித்தபோது என்னைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஏறிய வேகம் இன்னும் இறங்கவில்லை என்று நினைக்கிறேன்.

2

இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு குன்று இருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டர் தார்ச்சாலை, ஒன்பது வளைவு. வருடத்துக்கு ஒரு தடவை அதில் கார்களை ஒவ்வொன்றாக மேலே விரட்டி நேரம் குறிக்கிறார்கள். அதில் 'சாலைப் பதிவு உள்ள கார்கள்' என்று ஒரு பிரிவு. வீட்டிலிருந்து ஓட்டிவந்து, ஏறி, திரும்ப ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கானது. அதில் பங்கில் கிடைக்கும் பெட்ரோல் மட்டுமே போட வேண்டும். அபிராமி மூன்று வருடமாக அந்தப் பிரிவில் ஏறுகிறாள். நான்காம், மூன்றாம், இரண்டாம் இடம். இந்த வருடம் முதல் இடம் என்று சொல்லவில்லை. ஆனால் காருக்குப் பெரிய டர்போ வாங்கிவிட்டாள்.

டர்போ என்பது இன்ஜின் விடும் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், பலமும் கூடும். ஆனால் பங்க் பெட்ரோல் ஓரளவுக்கு மேல் அழுத்தம் தாங்காது. தீப்பொறியின் பேச்சைக் கேட்காமல் ஆங்காங்கே தானாக வெடிக்கும். நம் ஊர் மெக்கானிக் "இன்ஜின் தட்டுது சார்" என்பாரே, அதுதான். தட்டத் தட்ட பிஸ்டன் ஓட்டையாகும். ஆகவே பங்க் பெட்ரோலுக்கு டியூன் செய்யும்போது காற்றைக் குறைத்து, தீப்பொறியையும் சற்றுத் தாமதிக்க வைப்பார்கள். பந்தய பெட்ரோல் தகர டிரம்மில் வருகிறது. எவ்வளவு அழுத்தினாலும் பொறுமையாக இருந்து, சொன்ன நேரத்தில் மட்டும் எரியும். அதற்கு வேறு டியூன். இரண்டையும் காரின் கம்ப்யூட்டரில் ஏற்றி, கியர் பக்கத்தில் ஒரு குமிழ் வைக்கிறார்கள். ஒன்று என்றால் பங்க், இரண்டு என்றால் பந்தயம். டேங்கில் பங்க் பெட்ரோல் இருக்கும்போது குமிழ் இரண்டில் நின்றால் இன்ஜின் காலி.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. குடவாசல் பக்கம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எங்கள் சித்தப்பாவின் பில்டர் பாயிண்டில் ஒரு இன்ஜின் இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் வெள்ளைப் புகையாய்க் கக்கிவிட்டு நின்றுவிடும். குறுவை நாற்றங்கால் காயும். சித்தப்பா இன்ஜினைத் திட்டமாட்டார். குழாயைத் திருப்பியவனைத் திட்டுவார். பெரும்பாலும் அது நான்.

அபிராமியின் மெக்கானிக் நிக்கோ, கிரேக்கர். அவள் என்னை 'அப்பா' என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று முடிவு செய்து, முதல் நாளிலிருந்து 'மிஸ்டர் அப்பா' என்கிறார். நான் திருத்தவில்லை. பதவி உயர்வு போல இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவர் பட்டறையில் காரை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். கார் நின்ற இடத்திலேயே ஓடும். பலத்தைக் கம்ப்யூட்டர் கோடாகப் போடும். முதலில் பங்க் பெட்ரோல்: முந்நூற்றுப் பத்து குதிரைத்திறன். கோடு கல்லணைக் கால்வாய்க் கரைபோல ஒரே சீராக ஏறியது. பிறகு டேங்கை வடித்து, டிரம்மிலிருந்து ஊற்றி, குமிழை இரண்டில் வைத்தார்கள்: நானூற்று இருபது. அந்தக் கோடு பாதி தூரம் வரை ஒன்றும் நடக்காதது போலக் கிடந்துவிட்டு, திடீரென்று தென்னை மரம் ஏறியது. பட்டறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அபிராமி கைதட்டினாள்.

"இப்ப சொல்லுங்கப்பா, எது நல்லாருக்கு?"

"இரண்டு தாளிலும் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கோ," என்றேன்.

நிக்கோவுக்கு அவள் மொழிபெயர்த்தாள். தன்னிடம் சீல் இல்லை என்றார் அவர். முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறார். சீல் இல்லாமல் எப்படித்தான் தொழில் நடக்கிறதோ.

3

நம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக உரிமையாளர் வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. செய்ய வேண்டுமானால் ஒப்புதல் வேண்டும். இங்கேயும் ஏறக்குறைய அதேதான். பெரிய டர்போ போட்டால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். சாலையில் ஓடும் நிலையில் காரின் பலம் என்ன என்று ஒரு தாள் இணைக்க வேண்டும். அவ்வளவுதான். ஜனவரி மத்தியில் அபிராமி படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்து எழுத உட்கார்ந்தாள். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

"அப்பா, சர்ட்டிபிகேட் ஒண்ணு, பங்க் பெட்ரோல் ஷீட் ஒண்ணு. ரெண்டே தாள். வேற எதுவும் வேண்டாம்."

"சரிம்மா."

சரி என்றுதான் சொன்னேன். அவள் வேலைக்குப் போன பிறகு, முகப்புக் கடிதம் ஒன்று எழுதி, இணைப்புகள் ஒன்று முதல் பதினொன்று வரை வரிசைப்படுத்தினேன். டர்போ வாங்கிய ரசீது, காப்பீட்டு நகல், உரிம நகல், முகவரிச் சான்று இரண்டு. இணைப்பு எட்டு, பங்க் பெட்ரோல் அறிக்கை. இணைப்பு ஒன்பது, பந்தய பெட்ரோல் அறிக்கை. ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், முத்துப்பேட்டை நூர்தீன் பாயைச் சொல்ல வேண்டும். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, மீன் ஏற்ற ஒரு வேன் வாங்கி, பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றியிருந்தார். அதை ஆர்.சி.யில் ஏற்ற என்னிடம் வந்தார். ஒரு இணைப்பு இல்லை என்று அனுப்பினேன். அதோடு வந்தார். இன்னொன்று இல்லை என்றேன். நான் லஞ்சம் கேட்டவன் இல்லை. விதியில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவ்வளவே. எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "சொல்லுங்க சார், எது கொறையுதோ கொண்டாறேன்" என்பார். நான்காம் முறை ஒரு பெரிய துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, நிலப் பட்டா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இறந்துபோன வாப்பாவின் பென்ஷன் ஆணை.

"எங்க வீட்டுல இருக்கற காகிதம் பூராவும் இதான் சார். எது வேணுமோ எடுத்துக்கங்க."

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து, எதைக் கேட்டாலும் எல்லாவற்றையும் கொடுப்பவன்தான் புத்திசாலி என்று என் மனதில் பதிந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் இணைப்பை எண்ணுவோம். படிப்பதில்லை.

இங்கே படிக்கிறார்கள்.

4

பதினோராம் வேலை நாளே கடிதம் வந்தது. "ஊர்ல இவ்வளவு சீக்கிரம் வருமா? நாமளும் இருந்தோமே" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே பிரித்தேன். ஒரே வாகனத்துக்கு இரண்டு பல அறிக்கைகள் இணைக்கப்பட்டுள்ளன. இணைப்பு ஒன்பதில் கண்டது அனுமதிக்கப்பட்ட வரம்பைக் கடக்கிறது. இந்த வாகனத்தின் பலம் உண்மையில் எது என்பதைத் தெளிவுபடுத்தவும். அதுவரை பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. வாகனத்தைச் சாலையில் ஓட்டக் கூடாது.

உண்மையில் எது. நாடு விட்டு நாடு வந்தவனைப் பற்றி ஒரு உவமை சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சொல்லப் போவதில்லை. மகள் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை நின்றபடியே படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"ஒன்பதாவது இணைப்பா? மொத்தம் எத்தனை வச்சீங்க?"

"பதினொண்ணு."

"நான் ரெண்டுன்னு சொன்னேன்."

"மறைச்ச மாதிரி இருக்கக் கூடாதும்மா. நாளைக்கு எவனாவது கேட்டா—"

"யாரும் கேக்கலையே. அன்னிக்கு எட்டு போட்டப்பவும் இதேதான். நேர்மையா இருக்கறது நீங்க. மாட்டிக்கிறது நான்."

உள்ளே போய்விட்டாள். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"ஏங்க, பொண்ணு பாக்க வந்தப்ப உங்க அண்ணன் பிளட் ரிப்போர்ட்டும் கொண்டாந்தீங்களே, ஞாபகம் இருக்கா? எங்கப்பா அப்பவே சொன்னாரு, இது கொஞ்சம் ஒரு மாதிரின்னு."

ஒரு வாரம் அபிராமி என்னோடு தேவையானதை மட்டும் பேசினாள். அவளும் மனைவியும் பேசிக்கொள்வார்கள். நான் போனதும் நிற்கும். பந்தயம் மார்ச் பதினாறு, ஞாயிறு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலைக்குள் செல்லுபடியாகும் பதிவுச் சான்றைக் காட்டினால்தான் சாலைப் பிரிவு. இல்லையென்றால் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய்த் திறந்த பிரிவில் ஏறலாம். அது முழுக்கப் பந்தயத்துக்கென்றே செய்த கார்களின் பிரிவு. அதில் அவளுக்கு ஜெயிக்க வழியே கிடையாது. மூன்று வருட உழைப்பு அந்த வெள்ளிக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கவிட்டது நான்.

5

கவுன்டருக்கு நேரில் போனேன். எதிரே இருந்த இளம்பெண் மிக மரியாதையாகப் பேசினாள். நிலைமையை விளக்கி, என் அலுவலக ஆங்கிலத்தில், ஆவன செய்யுமாறு கேட்டுக்கொண்டேன்.

"ஆவன என்றால் எது?" என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள். முப்பத்தொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்களை அப்படித்தான் முடித்திருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை என்பது அந்தக் கவுன்டரில்தான் தெரிந்தது.

"என்ன நடந்தது, என்ன வேண்டும், இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வேறு எதுவும் இணைக்க வேண்டாம்," என்றாள். கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொன்னாள். என் கோப்பைப் பார்த்திருக்கிறாள்.

ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. முதல் வரைவில் 'கவனக்குறைவாக இணைக்கப்பட்டுவிட்டது' என்று எழுதினேன். அலுவலகத்தில் நாங்கள் பழகிய நடை அது. காரியம் நடந்திருக்கும், செய்தவன் இருக்கமாட்டான். அடித்துவிட்டு வேறு எழுதினேன். இந்தக் கார் சாலையில் பங்க் பெட்ரோலில் மட்டும் ஓடும். அதன் அறிக்கை இணைப்பு எட்டு. இணைப்பு ஒன்பது, தனித் தடத்தில் பந்தய பெட்ரோலில் ஓட்டுவதற்கானது. அதை வைத்தது உரிமையாளர் அல்ல. அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நான் வைத்தேன். தவறு என்னுடையது. அதை நீக்கிவிட்டு இணைப்பு எட்டின்படி பதிவைத் திரும்ப அளிக்க வேண்டும்.

மேசைமேல் இருந்ததை அபிராமி எடுத்துப் படித்தாள்.

"சர்வீஸ்ல எப்பவாவது இப்படி எழுதியிருக்கீங்களாப்பா?"

"எழுதியிருந்தா ரிட்டயர் ஆகியிருக்க முடியாது."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்தாள். பிப்ரவரி பத்தாம் தேதி நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். எண்ணத் தொடங்கினேன். இடையில் ஒரு அரசு விடுமுறை. அதைக் கழித்தால் இருபதாம் வேலை நாள் மார்ச் பதினொன்று. பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்பு. போதும்.

தபால்காரர் தினம் பதினொன்றரைக்கு மின்சார வண்டியில் வருவார். மார்ச் பதினொன்றாம் தேதி பல் மருத்துவர் விளம்பரம் கொடுத்தார். பன்னிரண்டாம் தேதி ஒன்றுமில்லை. பதின்மூன்றாம் தேதி என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை, நான் வாசலுக்கே போகவில்லை. மாலை ஐந்து மணிக்கு அபிராமி நிக்கோவுக்கு போன் செய்து டிரெய்லர் கேட்டாள்.

6

சனிக்கிழமை பயிற்சி. ஆளுக்கு நான்கு ஓட்டம். திறந்த பிரிவில் எந்தப் பெட்ரோலும் போடலாம் என்பதால் டிரம் வந்திருந்தது. புனலைப் பிடிக்கும் வேலை எனக்கு. அதற்கு உதவியாளர் படிவம் ஒன்றில் கையெழுத்திடச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அபிராமி பிடுங்கி, விரலால் இடத்தைக் காட்டி, "இங்க," என்றாள். போட்டேன்.

காலை இரண்டு ஓட்டமும் பந்தய பெட்ரோல். கார் போன சத்தத்தில் மரத்துப் பறவையெல்லாம் எழுந்து பறந்தன. அறுபத்தொன்று புள்ளி எட்டு வினாடி. பிறகு அறுபத்தொன்று புள்ளி ஒன்று. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"வளைவுல இருந்து வெளிய வர்றப்ப மொத்த பலமும் ஒரே நேரத்துல வந்து நிக்குதுப்பா. சக்கரம் சும்மா சுத்துது. பாதி பெட்ரோல் புகையாத்தான் போகுது."

டேங்கை வடித்துப் பங்க் பெட்ரோல் ஊற்றினோம். குமிழ் ஒன்றில் இருக்கிறதா என்று நான் இரண்டு தடவை பார்த்தேன். நிக்கோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது புள்ளி இரண்டு. பிறகு ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது. நூற்றுப் பத்து குதிரையைக் கழற்றிவிட்ட கார் சீக்கிரம் மேலே போய்விட்டது.

"நீளமான நேர் ரோடுன்னா பந்தய பெட்ரோல். இந்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற மலைக்கு இதுதான்," என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. டிரம்மில் பாதி அப்படியே மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பங்க் பெட்ரோலிலேயே ஏறினாள். அவளுடைய சிறந்த நேரம் ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு. திறந்த பிரிவில் பதினொரு பேரில் ஏழாவது. சாலைப் பிரிவின் முடிவை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். முதல் இடம், ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது.

நான் டிரம்மின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேலேயே திருகினேன்.

திரும்பும்போது நிக்கோ ஓட்டினார், நாங்கள் பின்னால்.

"என்னப்பா, கழிச்சுப் பாத்தாச்சா?"

"பாத்துட்டேன்."

"அரை செகண்ட்."

"ஆமாம்மா."

"நானும் பாத்துட்டேன். அதனால நீங்க இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். மன்னிப்பு கேட்டு எழுதி மூணு நகல் எடுத்துராதீங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்றுக் கழித்து, "அடுத்த வருஷம் ஃபாரத்தை நான் எழுதறேன். நீங்க கடைசிப் பக்கத்துலேர்ந்து படிச்சுட்டு, எங்க மாட்டிக்குவோம்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

"பேனா?"

"தொடவே கூடாது."

அடுத்த வருடமும் என்னைக் கேட்பாள் என்பதை நான் மனைவியிடம் ஒரு தகவலாக மட்டும் தெரிவித்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றாள் அவள்.

அலுவலகத்தின் கடிதம் ஒரே ஒரு பத்தி. விளக்கம் ஏற்கப்பட்டது, இணைப்பு எட்டின்படி பதிவு உடனடியாகத் திரும்ப அளிக்கப்படுகிறது, இணைப்பு ஒன்பது தேவையில்லாததால் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. கடிதத்தில் இட்டிருந்த தேதி மார்ச் பதினொன்று, சரியாக இருபதாம் வேலை நாள். கையெழுத்தை ஒரு நாளிலும் தபாலை இன்னொரு நாளிலும் போடும் வித்தையை நான் நன்கு அறிவேன். குறை சொல்ல எனக்கு வாயில்லை. உறையின் மூலையில், பழக்கதோஷத்தில், வந்து சேர்ந்த தேதியைக் குறித்துச் சுருக்கொப்பம் இட்டேன்: மார்ச் பதினேழு, திங்கட்கிழமை.